வீட்டில் ஒருவர் படுத்த படுக்கை... கணவன், மனைவி என்னென்ன உதவித்தொகை வாங்கலாம்? முழு விவரம்

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் நெய்வேலிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போவதும், இன்னொருவர் வயல் வேலைக்குப் போவதும் வழக்கம். அந்த இருவரில் ஒருவருக்குப் பக்கவாதமோ, சிறுநீரகக் கோளாறோ, புற்றுநோயோ வந்துவிட்டால் நின்றுபோவது ஒரு வருமானம் மட்டுமல்ல. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் மற்றவரின் கூலியும் நின்றுவிடுகிறது.

அந்த நேரத்தில் அரசு உதவி கேட்டுப் போகும் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் பதில், "ஏற்கெனவே உங்க வீட்டுல ஒருத்தருக்குப் பணம் வருதே, அப்புறம் என்ன?" என்பதுதான். இந்தப் பதில் எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தாது. எது குடும்பத்துக்கு ஒன்று, எது ஆளுக்கு ஒன்று என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

குடும்பத்துக்கு ஒன்று எது?

முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இந்த 5 லட்சம் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது ரேஷன் கார்டில். கல்யாணம் ஆகியும் மனைவியின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருந்தால், கணவரின் காப்பீட்டில் அவர் வரமாட்டார். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, பெயரை நீக்கி, சேர்க்கும் வேலையை முன்பே முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவதும் ரேஷன் கார்டுதான். மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா கார்டு பரம ஏழைகளுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நிலையான வருமானம் இல்லாமல், குணமாகாத நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ குடும்பத் தலைவராகக் கொண்ட வீடுகளும் அந்தப் பிரிவுக்கான தகுதிப் பட்டியலில் இருக்கின்றன. வட்ட வழங்கல் அலுவலரிடம் மருத்துவச் சான்றோடு மனு கொடுத்துக் கேட்கலாம்.

ஆளுக்கு ஒன்று எது?

வருவாய்த்துறை கொடுக்கும் ஓய்வூதியங்கள் தனிநபருக்கானவை. 60 வயதைக் கடந்த, ஆதரவற்ற ஏழைகளுக்கான முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் அதே ஆண்டு ஜனவரியில் 1,500 ரூபாயானது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை இதிலிருந்து வேறு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய், பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். ஒரே நபர் இந்த இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது தகுதிக்குப் பொருந்துகிறது, எது கூடுதல் தொகை என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

கணவருக்குப் பணம் வந்தால் மனைவிக்கு 1,000 ரூபாய் நின்றுவிடுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஓய்வூதியம் வாங்குவோர் இருக்கும் குடும்பங்களுக்குக் கிடையாது என்றுதான் விதி இருந்தது. தொகை வழங்குவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில் அது தளர்த்தப்பட்டது. வீட்டில் ஒருவர் ஓய்வூதியம் வாங்கினாலும், அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம். ஆகவே கணவரின் உதவித்தொகையைக் காரணம் காட்டி மனைவியின் மனு நிராகரிக்கப்பட்டால், இ-சேவை மையம் வழியாக 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா?

ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம்.

நோயால் வேலைக்குப் போக முடியாதபோது, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் ரொக்கமாகக் கிடைக்கும். தினக்கூலி 500 ரூபாய் என்றால் நாளுக்கு 350 ரூபாய். 91 நாளுக்கு 31,850 ரூபாய். இதற்கு, அதற்கான 6 மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் பிடித்தம் இருக்க வேண்டும்.

புற்றுநோய், காசநோய், பக்கவாதம் உள்ளிட்ட 34 நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் 2 ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு 2 ஆண்டு தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் தேவை.

நோயாளி மனைவி என்றால்? அவருக்கு இ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போடும் கணவருக்கு ரொக்கம் கிடையாது. சிகிச்சைச் செலவுக்குப் பி.எஃப். முன்பணம் எடுக்கலாம்.

நிரந்தரமாக முழுமையாக உழைக்க முடியாத நிலை வந்துவிட்டால், ஒரே ஒரு மாத சந்தா செலுத்தியிருந்தாலும் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் கேட்க முடியும். "பத்து வருஷம் ஆகல, பென்ஷன் கிடையாது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

விவசாயிகளுக்கு என்ன இருக்கிறது?

2011-ல் கொண்டுவரப்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது 5 ஏக்கர் புஞ்சைக்கு மிகாமல் வைத்துச் சொந்தமாகப் பயிரிடும் சிறு விவசாயிகளும், குத்தகைதாரர்களும், விவசாயக் கூலிகளும் உறுப்பினராகலாம். புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, எச்.ஐ.வி. போன்ற நோய்களால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத உறுப்பினருக்கு மாதம் 1,000 ரூபாய் தர இதன் விதிகளில் இடமுண்டு. உறுப்பினர் அட்டை இருந்தும் இதைக் கேட்காமல் விட்டவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம்.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக வழங்கப்படும் மத்திய அரசுத் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 500-லிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது.

ரயில் டிக்கெட்டிலும் சலுகை

விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளில் கட்டணம் முழுவதும் இலவசம். துணைக்குப் போகும் கணவருக்கோ மனைவிக்கோ 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் உரிய படிவம் கட்டாயம்.

யாரைப் போய்ப் பார்க்கணும்?

• வருமானச் சான்று: இ-சேவை மையம். நோய்க்கு முந்தைய வருமானத்தை எழுதிவிடாமல், இப்போதைய நிலையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.
• ஓய்வூதியம்: விருத்தாசலம் வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு.
• காப்பீட்டு அட்டை: கடலூர் ஆட்சியர் அலுவலகப் பதிவு மையம். சந்தேகத்துக்கு 1800 425 3993.
• மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மருத்துவ முகாம்கள். பக்கவாதம் வந்த உடனே சான்று தரமாட்டார்கள். உடல்நிலை ஓரளவு நிலைபெற்ற பிறகே சதவீதம் கணக்கிடப்படும். அதுவரை இ.எஸ்.ஐ. ரொக்கம் இருந்தால் அதுதான் கைகொடுக்கும்.
• வீடு தேடி மாத்திரை, பிசியோதெரபி: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பதிலே வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ அந்தச் சீட்டைக் காட்டி முறையிடலாம். படுக்கையில் இருப்பவர் நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்காக மனைவியோ கணவரோ மனு கொடுக்கலாம்.