"அனுபவம் இருக்கிறதா?"

செப்டம்பரில் நம் சபை வாலிபர் சிலர் பல்கலைக்கழகத்தில் கால் வைக்கிறார்கள். ஒக்டோபர் முடிவதற்குள் அவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "இன்டர்ன்ஷிப் கேட்டால் அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்?" வீட்டில் பெற்றோரோ, "முதலாம் வருடம்தானே, முதலில் படி" என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு.

'இன்டர்ன்' என்பது முதலில் வைத்தியசாலைச் சொல். அங்கேயே தங்கித் தொழில் பழகும் இளம் வைத்தியரைப் பிரெஞ்சுக்காரர் அப்படி அழைத்தார்கள். பொறியியல் படிப்போடு சம்பள வேலையையும் ஒரே திட்டமாகச் சேர்த்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர். படித்து முடித்தபின் தொழிலில் சிறந்து விளங்கியவர்கள் யார் என்று அவர் கவனித்தார். அவர்களில் பெரும்பாலோர் படிக்கும் காலத்திலேயே, பணத் தேவைக்காக, எங்கேயாவது வேலை செய்தவர்கள்! பலர் குறையாக எண்ணியது அவர் கண்ணுக்குப் பயிற்சியாகத் தெரிந்தது.

சின்சினாட்டி பல்கலைக்கழகம் ஒரு வருடப் பரீட்சார்த்தமாக அவருக்கு அனுமதி கொடுத்தது. 1906இல் 27 மாணவர்களுடன் திட்டம் தொடங்கியது. இருவர் ஒரு சோடி: ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில், அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இதுவே 'கோ-ஓப்' கல்வியின் ஆரம்பம்.

கனடாவுக்கு அது வந்த வழி நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்ராறியோவில் லூத்தரன் சபையினர் நடத்திய சிறிய கல்லூரி, வாட்டர்லூ கல்லூரி. அதன் தலைவர் ஜெரால்ட் ஹேகி முன்பு பி.எஃப். குட்ரிச் டயர் கம்பனியில் வேலை செய்தவர். அதே கம்பனியின் கனடியத் தலைவர் ஐரா நீடில்ஸ், நாட்டுக்குப் பொறியியலாளர் போதாது, அவர்களைக் கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்தே உருவாக்க வேண்டும் என்று 1956 ஆகஸ்டில் உள்ளூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். மறு வருடம் ஜூலையில் 74 மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த முயற்சியே 1959இல் வாட்டர்லூ பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே பொறியியல் படிப்பவர்களில் ஒரு பகுதியினர் நான்கு மாதப் படிப்போடும், மற்றவர்கள் எட்டு மாதப் படிப்போடும் முதல் வேலைக்குப் போகிறார்கள். முதலாம் வருடம் வேலைக்கு மிக முந்தியது அல்ல என்பதற்கு இது போதும்.

அந்த 27 பேரையும் 74 பேரையும் யோசித்துப் பாருங்கள். கையில் பட்டம் இல்லை. அவர்களுக்கு முன்னே போனவர்களும் இல்லை. முதலாளிமார் சிலர் அவர்களை நம்பிக் கதவைத் திறந்தார்கள், அவ்வளவே.

ஆகவே வாலிப நண்பர்களே, கோப்பிக் கடையில் இரவு நின்றதை, மாமாவின் கடையில் கணக்குப் பார்த்ததை, தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குப் படிப்பித்ததை ரெஸ்யூமேயில் மறைக்காதீர்கள். நம்மில் சிலரும் ஒரு காலத்தில் வெட்கப்பட்டு மறைத்தவர்கள்தான். ஷ்னைடர் தேடியது அப்படிப்பட்ட மாணவர்களையே. எத்தனை மணிக்குப் போனீர்கள், எதற்குப் பொறுப்பாக இருந்தீர்கள், எந்தச் சிக்கலைத் தீர்த்தீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கோ-ஓப் இல்லாத படிப்பானால் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முதல் மாதத்திலேயே போங்கள். பேராசிரியர்களிடம் ஆய்வு உதவி வேலை கேளுங்கள். பத்து இடத்தில் 'இல்லை' என்றாலும் அது உங்கள் தகுதிக்குத் தீர்ப்பு அல்ல.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வியை இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்கள் நம் சபையில் குறைவல்ல. அனுபவம் இல்லையென்று திருப்பி அனுப்பப்படும் வலி உங்களுக்குத் தெரியும். இன்று உங்களில் சிலருக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது. சிலர் அலுவலகங்களில் பொறுப்பான இடத்தில் இருக்கிறீர்கள். 'கனடா சமர் ஜொப்ஸ்' திட்டத்தில் 15 முதல் 30 வயது வரையானவர்களைக் கோடைகால வேலைக்கு எடுக்கச் சிறு வியாபாரங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் அரசின் உதவி கேட்கலாம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் மாணவர் அல்ல, வேலை கொடுப்பவர்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, முதலாம் வருடப் பிள்ளை ஒருவரிடம் "என்ன படிக்கிறாய்?" என்பதோடு நிறுத்தாமல், "கோடைக்கு எங்கே வேலை தேடுகிறாய்?" என்றும் கேளுங்கள்.