பிள்ளையின் இசைவும் மறுப்பும்

தம் உடலுக்குரிய சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் உரிமை பதின்பருவப் பிள்ளைகளுக்கு உண்டா? இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இவ்வினாவை நெடிது ஆராய்ந்தன. அவ்வரலாற்றில் ஒரு கத்தோலிக்கத் தாய்க்கும் பங்கு உண்டு.

16 வயது நிரம்பியோர் சிகிச்சைக்குத் தாமே இசைவு தரலாம் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு வகை செய்தது. அதற்குக் கீழ்ப்பட்டோர் நிலை தெளிவாகவில்லை. 1980-இல் வந்த அரசுச் சுற்றறிக்கையோ, விதிவிலக்கான நிலைகளில் 16 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, பெற்றோர் அறியாமலே மருத்துவர் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்றது. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற விக்டோரியா கில்லிக் இதனை எதிர்த்து வழக்காடினார். 1983-இல் தோற்றார், 1984-இல் மேல்முறையீட்டில் வென்றார், 1985 அக்டோபரில், அந்நாளைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில், மூன்று நீதிபதிகள் எதிராகவும் இருவர் ஆதரவாகவும் நிற்க, மீண்டும் தோற்றார்.

பெற்றோரின் அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காகவே உள்ளது. சிகிச்சையின் தன்மையையும் விளைவையும் முழுமையாக உணரும் முதிர்ச்சியைப் பிள்ளை எய்தும்போது அவ்வதிகாரம் வழிவிடுகிறது என்பது ஸ்கார்மன் பிரபு வகுத்த நெறி. அதற்குக் 'கில்லிக் தகுதி' என்று, எதிர்த்து நின்ற தாயின் பெயரே நிலைத்துவிட்டது.

இசைவு தர வல்ல பிள்ளை மறுக்கவும் வல்லதோ? 1990-இல், யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன், இரத்தப் புற்றுநோயுற்ற நிலையில், இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்தான். பெற்றோரும் அவனோடு நின்றனர். அவனது அறிவை மதித்த நீதிபதி, வரவிருக்கும் சாவின் கொடுமையை அவன் முற்றும் உணரவில்லை எனக் கண்டு, இரத்தம் ஏற்ற அனுமதித்தார். 18 வயது நிரம்பியதும் அவன் மீண்டும் மறுத்தான், இறந்தான். 1992-இல், உணவை வெறுக்கும் நோயால் நலிந்த 16 வயதுப் பெண்ணின் வழக்கிலும், அவளது மறுப்பை நீதிமன்றம் மீறலாம் என்றே தீர்ப்பாயிற்று.

இதை முரண்பாடு என்பாரும் உளர். இசைவு தவறானால் பெரும்பாலும் திருத்த இடமுண்டு; உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது தவறானால் திருத்த ஆள் இருப்பதில்லை. எனவே நீதிமன்றத்தின் தயக்கம் நமக்கு விளங்குகிறது. ஆனால், அச்சிறுவனுக்குக் கிடைத்த ஆண்டுகள் அவன் மனத்தை மாற்றவில்லை என்பதும் நம்மைச் சுடுகிறது. ஆணை உடலைக் காக்கும். மனத்தை எட்டுவதற்கு உரையாடல் வேண்டும்.

நம் திருச்சபைச் சட்டம், 7 வயது நிரம்பிய பிள்ளைக்குப் பகுத்தறியும் ஆற்றல் உண்டெனக் கொள்கிறது; 18 வரை பெற்றோரின் அதிகாரத்தையும் ஏற்கிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் நம் பொறுப்பில் உள்ளவை. மருத்துவர் முன் பிள்ளைக்காக நாமே பேசி முடிக்கும் வழக்கத்தை விடுவோம். நோயையும் மருந்தையும் அவர்களுக்கு விளக்கி, அவர்கள் சொல்வதையும் பொறுமையாய்க் கேட்போம்.