சிலிண்டர் ஹெட் போர்ட்டிங்

எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியையும் எரிந்த புகை வெளியேறும் வழியையும் குடைந்து, தேய்த்து, வடிவம் திருத்தும் வேலை போர்ட்டிங் எனப்படும். மணல் அச்சில் வார்த்த, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இவ்வழிகளின் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும். மேனிஃபோல்டு வந்து சேரும் இடத்தில் விளிம்புகள் பொருந்தாமல் படி விழுந்திருக்கும். இத்தடைகள் நீங்கினால் அதே கொள்ளளவுள்ள எஞ்சின் உயர் வேகத்தில் கூடுதல் காற்றை இழுத்து, கூடுதல் திறன் தரும்.

இத்துறையில் கண்மதிப்பை விட்டு அளவீட்டை நம்பியவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக் (1897–1978). 1920களில் பென்ட்லி நிறுவனத்துக்காக ஹெட்டுகளில் காற்றோட்டத்தை ஆராய்ந்தார். 1935இல் வெளிவந்த எஸ்.எஸ். ஜாகுவார் காருக்காக, பக்கவால்வு எஞ்சின் ஒன்றுக்கு மேல்வால்வு ஹெட் வடிவமைத்தார். சுமார் 70 குதிரைத்திறனாக இருந்தது 100ஐத் தாண்டியது. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினில் நுழைவழியை வளைத்து, உள்ளே வரும் கலவை சுழலும்படி செய்தார்.

பி.எம்.சி. நிறுவனத்தின் ஏ, பி வரிசை எஞ்சின்களின் இதய வடிவ எரியறையும் அவருடையதே. பி வரிசை எஞ்சின்தான் இந்தியாவில் அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் ஓடியது. மினி காரில் இருந்த ஏ வரிசையில் நான்கு சிலிண்டர்களுக்கு நுழைவழிகள் இரண்டு, வெளிவழிகள் மூன்று. நெரிசலான இந்த ஹெட்டைத் திருத்தியே 1960களில் டேனியல் ரிச்மண்டின் டவுன்டன் பட்டறை பெயர் பெற்றது.

அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய சூப்பர்ஃப்ளோ நிறுவனம், காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சைச் சாதாரணப் பட்டறைகளுக்கும் எட்டச் செய்தது. ஹெட்டை அதன்மேல் பூட்டி, வால்வைப் படிப்படியாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்று பார்ப்பார்கள். 28 அங்குல நீர் அழுத்த வேறுபாட்டில் அளப்பது பொது வழக்கமாயிற்று.

வழி முழுவதையும் பெரிதாக்குவது பலன் தராது என்பதை இவ்வளவீடுகள் காட்டின. வழி அகன்றால் காற்றின் வேகம் குறையும். தாழ்ந்த சுழற்சியில் இழுவிசை சரியும். பலன் மிகுந்த இடம் வால்வு சீட்டை ஒட்டிய பகுதி. அங்கே காற்று திரும்பும் உள்வளைவைச் சீராக்குவதும், சீட்டை 30, 45, 60 பாகைகளில் மூன்று சரிவாக வெட்டுவதும் ஓட்டத்தை வெகுவாக உயர்த்தும். ஆனால் குடையும் கார்பைடு பிட் சற்று ஆழமாக இறங்கினாலும் சுவர் துளைந்து, தண்ணீர் ஓடும் அறை திறந்துகொள்ளும்.

பாலிஷ் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கார்புரேட்டர் எஞ்சினில் கண்ணாடிபோல் வழவழப்பான நுழைவழிச் சுவரில் பெட்ரோல் படலமாகப் படியக்கூடும். அதனால் அங்கே லேசான சொரசொரப்பை விட்டுவைப்பார்கள். வெளிவழியையும் எரியறையையும் மெருகேற்றினால் கரி படிவது குறையும்.

பின்னாளில் ஐந்தச்சு சி.என்.சி. இயந்திரங்கள் வந்தன. தேர்ந்த கைவினைஞர் ஒருமுறை செதுக்கிய வழியை அளந்து கணினியில் ஏற்றினால், எத்தனை ஹெட்டிலும் அதே வடிவத்தை வெட்டலாம். நான்கு வால்வு ஹெட்டுகளும் துல்லியமான வார்ப்பும் பரவியதால், சாலை வண்டிகளில் கையால் திருத்திப் பெறும் ஆதாயம் சுருங்கியது. பந்தய எஞ்சின்களிலும் பழைய எஞ்சின்களிலும் இவ்வேலைக்கு இன்றும் தேவை இருக்கிறது.