தலைதட்ட முடியாத பழம்

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 'ஒரு கப்'புக்குச் சொந்த ஊர் பாஸ்டன் என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன்பும் கப்பால் அளந்தார்கள்தான். ஆனால் தேநீர்க் கோப்பையோ காபிக் கோப்பையோ, கைக்குக் கிடைத்ததே அளவு. வெண்ணெய் என்றால் முட்டை அளவு. 1896இல் வெளிவந்த 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்' நூலில் ஃபேனி ஃபார்மர் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். மாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் போட வேண்டும், குலுக்கக் கூடாது, மேலே நிற்பதைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். நம் ஊரில் படியைத் தலைதட்டி அளக்கிறோமே, அதே முறை. பதின்வயதில் வாதம் வந்து படிப்பை விட்டவர் அவர். பதிப்பகத்துக்கு நூல்மேல் நம்பிக்கையில்லை. முதல் 3,000 பிரதிகள் அவர் செலவிலேயே அச்சாயின. அந்த நூல்தான் தலைமுறை தலைமுறையாக அமெரிக்க அடுப்படிகளில் இருந்தது.

மாவுக்கும் சர்க்கரைக்கும் ஓரளவு பொருந்திய முறை, பழத்திடம் வந்தபோது தடுமாறியது. நறுக்கிய துண்டுகளை எப்படித் தலைதட்டுவது? ஒன்று மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அதன் பக்கத்திலேயே பள்ளம் இருக்கும். துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் கப் அளக்கிறது.

ஸ்ட்ராபெர்ரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் ஒரு கப் முழுப் பழம் 144 கிராம். இரண்டாகப் பிளந்தால் 152, வில்லைகளாக அரிந்தால் 166, கூழாக அரைத்தால் 232. கப் அதேதான், பழமும் அதேதான். முழுப் பழம் போட்ட கப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு வெறும் காற்று. வாழைப்பழத்துக்கும் இதே கதைதான்: வில்லைகள் 150 கிராம், மசித்தது 225.

ஜாம் கிளறுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 'நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி நான்கு கப்' என்று குறிப்பில் இருந்தால் அரிந்த பிறகு அளக்க வேண்டும்: சுமார் 664 கிராம். 'ஸ்ட்ராபெர்ரி நான்கு கப், நறுக்கியது' என்றிருந்தால் அளந்துவிட்டு அரிய வேண்டும்: 576 கிராம். வித்தியாசம் 88 கிராம். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் இயல்பாகவே குறைவு. ஜாம் இறுகுவதற்குப் பெக்டின், சர்க்கரை, புளிப்பு மூன்றும் கணக்காகச் சேர வேண்டும். பழம் கூடிக் குறைந்தால் அந்தக் கணக்கு கலையும். கேக்கில் கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளிக்கலாம். ஜாம் அப்படி விட்டுக்கொடுக்காது.

கடல் தாண்டிய கப் தன் கொள்ளளவையும் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் சுமார் 237 மில்லிலிட்டர், அந்நாட்டு உணவுப் பொட்டலங்களில் 240, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. கடையில் 'கப் செட்' வாங்கும்போது அடியில் எந்த எண் பொறித்திருக்கிறது என்று அவசியம் பாருங்கள். அமெரிக்கக் குறிப்பை ஆஸ்திரேலியக் கப்பால் அளந்தால், கப்புக்குக் கப் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

குறிப்பு எழுதுகிறவர்கள் பழத்தை மட்டுமாவது கிராமில் தந்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. அதுவரை பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்: ஆப்பிள் வில்லைகள் 109 கிராம், நறுக்கிய ஆப்பிள் 125, மாம்பழத் துண்டுகள் 165, அன்னாசித் துண்டுகள் 165. பட்டியலைவிட நம்பகமானது உங்கள் கத்தி. குறிப்பில் சொன்ன அளவுக்கு நறுக்கி, அழுத்தாமல் கப்பை நிரப்பி, எடை மிஷினில் ஒருமுறை நிறுத்து, அந்த எண்ணைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை கப்பே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவையெல்லாம் தோலும் கொட்டையும் காம்பும் போக மிஞ்சும் எடை (ஆப்பிள் எண்கள் மட்டும் தோலோடு சேர்த்தவை). 165 கிராம் மாம்பழத் துண்டு வேண்டுமென்றால், கடையில் அதற்கு மேல்தான் வாங்க வேண்டும்.