ஓராண்டுத் தவணை: ஆண்மைக் குறைவை அறிந்த வரலாறு

கணவனுக்கு நேரும் ஆண்மைக் குறைவைப் பற்றிப் பேச நம் குடும்பங்கள் நாணுகின்றன. ஆனால் நம் ஃபிக்ஹு நூல்கள் அதை மறைக்கவில்லை. அத்தகைய கணவனை 'இன்னீன்' எனப் பெயரிட்டு, நிகாஹ் பாடத்திலேயே அவனுக்குரிய சட்டத்தை விளக்குகின்றன.

மனைவி முறையிட்டால் கணவனுக்கு ஓராண்டுத் தவணை அளிக்க வேண்டும் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படும் தீர்ப்பாகும். ஏன் ஓராண்டு? வெப்பம், குளிர், ஈரம், வறட்சி ஆகியவற்றால் வந்த தளர்ச்சியாயின் நான்கு பருவங்களுள் ஏதேனும் ஒன்றில் நீங்கிவிடும். நான்கும் கடந்த பின்பும் நீங்காவிடில் அது நிலைத்த குறை என ஃபுகஹாக்கள் விளக்கினர். அக்கால மருத்துவ அறிவைக் கொண்டு செய்த நோயறிதலே அது. கணவனுக்கு அவகாசமும் மனைவிக்கு உரிமையும் ஒருங்கே கிடைத்தன. இருவர் மானமும் காக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பிரான்சில் தம்பதியரை வல்லுநர்கள் அருகிருக்கச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. 1677இல்தான் பாரிஸ் உயர்நீதிமன்றம் அதனை ஒழித்தது.

அந்த ஓராண்டு இன்றும் நம் நாட்டுச் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், மணத்தின்போதே இருந்து தொடரும் ஆண்மையின்மையை மனைவி மணமுறிவு கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. கணவன் விண்ணப்பித்தால், குறை நீங்கியதை மெய்ப்பிக்க நீதிமன்றம் ஓராண்டு அவகாசம் தர வேண்டும்.

மருத்துவம் இதற்குப் பின்னர் வெகுதூரம் நடந்துவிட்டது. நெடுங்காலம் இது மனத்தின் கோளாறு என்றே பெரிதும் கருதப்பட்டது. 1970களில் உறக்கத்தில் இயல்பாக ஏற்படும் எழுச்சியை அளந்து, காரணம் மனத்திலா உடலிலா என்று பிரித்தறிய முயன்றனர். 1980களில் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் வந்தது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் அறிஞர் மாநாடு, இழிவு தொனிக்கும் பழைய பெயரை விடுத்து 'விறைப்புக் குறைபாடு' எனும் பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது.

இன்று மருத்துவர் முதலில் கேட்பது கேள்விகளே: எப்போதிலிருந்து, எப்போதுமா சில வேளைகளிலா, காலையில் இயல்பான எழுச்சி உண்டா, என்ன மருந்து உண்கிறீர், புகைப்பழக்கம் உண்டா, மனக்கவலை உண்டா? பின்னர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காலை வேளையில் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார். ஸ்கேன் சிலருக்கே தேவைப்படும். அவ்வுறுப்பின் தமனிகள் இதயத்தின் தமனிகளைவிடக் குறுகியவை. ஆகவே இக்குறை சிலருக்கு இதயநோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம்.

இத்தகையோரை நாடி விளம்பரம் செய்வோர் உளர். அத்தகைய மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; நாமக்கல்லிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மறைவாகப் பணமிழப்பதினும் அங்கே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுவது மேல்.

மஹல்லாவில் ஒரு பெண் இம்முறையீட்டோடு வந்தால், 'பொறுத்துக்கொள்' என்று அவளைத் திருப்பி அனுப்புவது நம் ஃபிக்ஹு காட்டிய வழியன்று. அவள் சொல்லைச் செவிமடுப்போம். கணவனை இகழாது மருத்துவரிடம் அனுப்புவோம். உமர் (ரலி) அளித்த தவணை காத்திருப்பதற்கு மட்டுமன்று, உண்மையை அறிவதற்குமாகும்.