தள்ளாடியவன் குடிக்கவில்லை



காட்டுப்பள்ளியில் இருக்கும் என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். ஆடும் படகில் நின்றபடி வலை வீசியவன். ஐம்பது வயதுக்கு மேல் கரையிலேயே தள்ளாட ஆரம்பித்தான். "குடிச்சிட்டு வர்றான்" என்றது ஊர். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் நம்பினேன். போனை எப்போதும் வலது காதிலேயே வைப்பதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே தெரிந்தது: அக்கூஸ்டிக் நியூரோமா. காதிலிருந்து மூளைக்குப் போகும், உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பின் உறையில் வளரும் கட்டி. புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் மெதுவாக வளரும். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது.

வாத்தியார் புத்தி, இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நூறு ஆண்டுக்கு முன் இருந்த ஒரே கேள்வி, ஆள் பிழைப்பாரா என்பதுதான். 1917இல் இந்தக் கட்டிகளைப் பற்றித் தனி நூல் எழுதிய அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், முழுதும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று உட்பகுதியை மட்டும் எடுத்தார். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் மைக்ரோஸ்கோப் வைத்து இந்த அறுவையைச் செய்தார். நம் பக்கம் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். பிழைப்பவர்கள் பெருகினார்கள்.

பிழைத்தவர்களில் பலருக்கு ஒரு காது கேட்காது. சிலருக்கு முகம் ஒரு பக்கம் இழுக்கும், கண் மூடாது, நடை ஆடும். அதோடு வாழக் கற்றுக்கொடுக்க எந்த வார்டும் இல்லை. அதனால்தான் 1981இல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில், இதே நோய் கண்ட வர்ஜீனியா ஃபிக்கெல் எர் என்ற பெண்மணி நோயாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 1992இல் பிரிட்டனிலும் ஒன்று வந்தது. நோயாளிகளும் வீட்டாரும் ஊர் ஊராகக் கூடிப் பட்டதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோடு வீட்டாரையும் கூடாரங்களில் தங்கவைத்தார்.

எங்களுக்கு அந்தக் கூடாரம் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுதான். ஆபரேஷனுக்குப் பின் தம்பியின் இடது கண் மூடவில்லை. அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தன் கணவருக்குச் செய்வதை எங்களுக்குக் காட்டினார். பகலில் சொட்டு மருந்து, ராத்திரியில் இமையை மூடி டேப். "இருட்டுலதான் ரொம்பத் தள்ளாடும், லைட்ட அணைக்காதீங்க. கேக்குற காதுப் பக்கம் உக்காந்து பேசுங்கண்ணே" என்றார். அன்றைக்குத்தான் என் தம்பி மனைவி அழாமல் சாப்பிட்டாள்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், முறை வைத்து வலை போடுவார்கள். மீனைப் பகிரத் தெரிந்த நமக்கு, பட்ட அனுபவத்தைப் பகிரத் தெரியாதா?

தம்பி இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னுகிறான். இதே நோய் வந்த வீட்டார் யாராவது கூப்பிட்டால், வலையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசுகிறான்.

ஒரு காது மட்டும் மந்தமானாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டாலோ காது டாக்டரிடம் போங்கள். தெரிந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால் எனக்கு எழுதுங்கள், தம்பியோடு பேசவைக்கிறேன். தள்ளாடி வருபவனைப் பார்த்தால், நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்