தாத்தா குடும்பத்துல சேர்த்தியா? – விலக்கு கேட்ட பசங்களின் கதை

கிராமத்துக் கபடிப் போட்டி நோட்டீஸைக் கவனிச்சுப் படிச்சிருக்கீங்களா? எங்க முதுகுளத்தூர் பக்கம் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒட்டுற நோட்டீஸ்ல பரிசுத் தொகைக்குக் கீழே பொடி எழுத்துல ரெண்டு வரி இருக்கும். ஒண்ணு, வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. இன்னொண்ணு, கமிட்டியாரின் முடிவே இறுதியானது. முதல் வரி விதி. ரெண்டாவது வரி, அந்த விதியை யாருக்காகத் தளர்த்தலாம்னு முடிவு பண்ற அதிகாரம். சண்டை எப்பவும் ரெண்டாவது வரியிலதான் வரும். "அந்த ஊர் மாப்பிள்ளையை மட்டும் எப்படிய்யா இறக்குனீங்க?"

இந்த ரெண்டு வரி உலகம் பூரா இருக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுல இந்த ரெண்டாவது வரிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல நீளுற வரலாறு உண்டு. அதே மாதிரி ஒரு சிக்கல்ல நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தனும் மாட்டினான். அவன்கிட்ட இருந்தே ஆரம்பிப்போம்.

தேஜஸ்வின் சங்கர், 2022

டெல்லியில பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். உயரம் தாண்டுறவன். 2016-ல கோவையில நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில 2.26 மீட்டர் தாண்டி தேசிய சாதனையை உடைச்சப்போ வயசு 17. அப்புறம் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்காவின் கன்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போனார். 2018-ல 2.29 மீட்டர். அதே வருஷம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான என்.சி.ஏ.ஏ. சாம்பியன் பட்டமும்.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு இந்தியத் தடகள சம்மேளனம் (ஏ.எஃப்.ஐ.) வெச்ச தகுதி அளவு 2.27 மீட்டர். கூடவே இன்னொரு விதி: சென்னையில ஜூன் 10 முதல் 14 வரை நடக்கிற மாநிலங்களுக்கு இடையேயான போட்டியில கலந்துக்கணும். ஜூன் 10-ம் தேதி தேஜஸ்வின் எங்கே இருந்தார் தெரியுமா? ஆரெகன் மாநிலம் யூஜீன்ல, என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டியில. தாண்டின உயரம் சரியா 2.27. ரெண்டாவது தடவையா சாம்பியன்.

அளவு சரி, தேதி சரி. இடம் மட்டும்தான் சென்னை இல்லை. ஜூன் 16-ல அணி அறிவிச்சாங்க. தேஜஸ்வின் பேர் இல்லை.

விதின்னா விதிதானேன்னு கேப்பீங்க. ஆனா அதே சென்னைப் போட்டிக்கு நீரஜ் சோப்ரா வரலை. அவினாஷ் சாப்ளே வரலை. வெளிநாட்டுல பயிற்சியில இருந்ததால அவங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தாங்க. நீரஜ் ஜூன் 14-ல ஃபின்லாந்தோட துர்க்கு நகரத்துல 89.30 மீட்டர் எறிஞ்சு தேசிய சாதனை பண்ணிக்கிட்டு இருந்தார். அந்த விலக்கு நியாயமானதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. தேஜஸ்வின் விஷயத்துல ஏ.எஃப்.ஐ. சொன்ன பதில், அவர் விலக்கு கேட்கவே இல்லைங்கிறது.

பையன் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். என்.சி.ஏ.ஏ.யில தாண்டினதையும் கணக்குல எடுத்து இவரைப் பரிசீலிக்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. தேர்வுக் குழுவும் ஒத்துக்கிச்சு. ஆனா தடகளத்துக்கு ஒலிம்பிக் சங்கம் ஒதுக்கினது மொத்தம் 36 இடம். ஒருத்தர் உள்ளே வரணும்னா ஒருத்தர் வெளியே போகணும். 4x400 தொடர் ஓட்டப் பட்டியல்ல இருந்த நம்ம திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் பேருக்குப் பதிலா தேஜஸ்வின் பேரைக் கொடுத்தாங்க. கடைசி நேரத்துல இப்படி மாத்த முடியாதுன்னு போட்டி நடத்துறவங்க முதல்ல மறுத்துட்டாங்க. ஜூலை 22 வாக்கில, போட்டி தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதப்போதான் அனுமதி வந்தது.

ஆகஸ்ட் 3. பர்மிங்ஹாம்ல 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம். காமன்வெல்த் உயரம் தாண்டுதல்ல இந்தியாவுக்குக் கிடைச்ச முதல் பதக்கம். அந்தப் போட்டிகள்ல நம்ம தடகள அணிக்கு விழுந்த முதல் பதக்கமும் அதுதான்.

சினிமாவா இருந்தா இங்க சுபம் போட்டுடலாம். ஆனா பதக்கம் வந்ததால வழக்கு நியாயம் ஆகலை. அவர் எட்டாவதா வந்திருந்தாலும் கேள்வி அதேதான்: விலக்கை எந்த அளவுகோல்ல கொடுக்கிறீங்க?

அமெரிக்காவின் ஒரு வருஷ வனவாசம்

தேஜஸ்வின் படிச்ச ஊர்ல இதே கேள்வி வேற ரூபத்துல ஓடிக்கிட்டு இருந்தது. அங்கே பிரச்சினை, ஒரு கல்லூரியில இருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுறது.

1896-ல ஃபீல்டிங் யோஸ்ட்னு ஒரு கால்பந்து ஆட்டக்காரர் (அமெரிக்கக் கால்பந்துங்க, நம்ம ஃபுட்பால் இல்லை). வெஸ்ட் வர்ஜீனியா யுனிவர்சிட்டி மாணவர். பென்சில்வேனியா யுனிவர்சிட்டி அப்போ வரிசையா 36 ஆட்டம் தோற்காம இருந்தது. அவங்களோட மோத இருந்த லஃபாயெட் கல்லூரிக்கு, ஆட்டத்துக்குச் சில நாள் முன்னாடி நம்மாளு "மாறுதல்" வாங்கிட்டுப் போனார். ஆடினார், லஃபாயெட் 6-4ன்னு ஜெயிச்சது. உடனே பழைய காலேஜுக்கே திரும்பிட்டார்! கபடிக்கு இறக்குற வெளியூர் ஆட்டக்காரன் கதைதான். பின்னாளில் மிச்சிகன்ல பேர்பெற்ற கோச் ஆனவரும் இவரேதான்.

1906-ல உருவான என்.சி.ஏ.ஏ. இந்த மாதிரி கூத்துகளை அடக்க வருஷக்கணக்குல விதி மேல விதி போட்டது. அதுல முக்கியமானது, கல்லூரி மாறினா ஒரு வருஷம் போட்டியில ஆடக் கூடாது. படிக்கலாம், பயிற்சி எடுக்கலாம், களத்துல இறங்க முடியாது. மத்த விளையாட்டுகள்ல ஒரு தடவை மாற வழி இருந்தது. கால்பந்து, கூடைப்பந்து மாதிரி காசு புரளுற ஆட்டங்கள்ல உட்கார்ந்தே ஆகணும். சம்பளத்தைக் கூட்டி வாங்கிக்கிட்டு வேற காலேஜுக்குத் தாவுற கோச்சுக்கு மட்டும் இந்த வனவாசம் கிடையாது :-)

விதி கடுமையா இருந்தா அதுல ஒரு ஜன்னல் வெக்கணும். அந்த ஜன்னலுக்குப் பேர்தான் 'வேய்வர்', அதாவது விலக்கு. வீட்டுல யாருக்காவது தீவிர நோய், மாணவன் கட்டுப்பாட்டுல இல்லாத சூழ்நிலை, இப்படிக் காரணம் காட்டி விண்ணப்பிச்சா உடனே ஆடலாம்.

2018-ல இதோட வரையறையைத் தளர்த்தினாங்க. ஓலே மிஸ்ல இருந்து மிச்சிகன் போன ஷே பேட்டர்சனுக்குக் கிடைச்சது. 2019 பிப்ரவரியில ஜார்ஜியாவுல இருந்து ஒஹாயோ ஸ்டேட் போன ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கும் கிடைச்சது. ரெண்டு பேரும் நட்சத்திர ஆட்டக்காரங்க. ரெண்டு பேருக்கும் பின்னாடி டாம் மார்ஸ்ங்கிற அதே வக்கீல். எந்தக் காரணத்துக்காகக் கொடுத்தோம்னு என்.சி.ஏ.ஏ. வெளியே விளக்கலை.

அதே 2019-ல லூக் ஃபோர்ட்னு ஒரு பையன். உடம்பு சரியில்லாத தாத்தா தன் ஆட்டத்தைப் பார்க்கட்டும்னு ஜார்ஜியாவை விட்டு சொந்த மாநிலமான இல்லினாய்க்குத் திரும்பினான். மறுப்பு. தாத்தா நெருங்கிய குடும்பம்ங்கிற வரையறைக்குள்ள வரமாட்டாராம். வீடும் கல்லூரியில இருந்து 100 மைலுக்கு மேல. நம்ம ஊர்ல இதைச் சொல்லிப் பாருங்க, தாத்தா எழுந்து வந்து அடிப்பார்.

இன்னொருத்தர் பிராக் ஹாஃப்மன். அம்மாவுக்கு மூளைக் கட்டி அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கோஸ்டல் கரோலினாவுல இருந்து வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வர்ஜீனியா டெக்குக்கு மாறினார். மறுப்பு. அம்மா உடம்பு தேறிட்டதுன்னு ஒரு காரணம். வீடு 100 மைல் வட்டத்துக்கு 5 மைல் வெளியே இருக்குன்னு இன்னொரு காரணம். 5 மைல்னா 8 கிலோமீட்டர். முதுகுளத்தூர்ல டவுன் பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்துடும்.

மென்பொருள் எழுதுற ஆசாமியா எனக்கு இது ரொம்பப் பழக்கமான நோய். விதியைக் கோடுல நேரா அடிச்சு வெச்சுடுவோம். அது எல்லாருக்கும் பொருந்தலைன்னு தெரிஞ்சதும் எக்ஸப்ஷன் எழுதுவோம். எக்ஸப்ஷனுக்கு ஒரு எக்ஸப்ஷன். கடைசியில யாரோ ஒரு அட்மின் கையால மாத்துற பட்டன் ஒண்ணு இருக்கும், அதுக்கு லாக் இருக்காது. ஏன் இவனுக்கு மாத்தினே, அவனுக்கு மாத்தலைன்னு கேட்டா பதில் சொல்ல ஆளும் இருக்காது.

முடிச்சு வெச்சது கோர்ட்

கொரோனா வந்தப்போ, 2020 டிசம்பர்ல, மாறின எல்லாருக்கும் மொத்தமா விலக்கு கொடுத்தாங்க. 2021 ஏப்ரல்ல, எந்த விளையாட்டா இருந்தாலும் ஒரு தடவை தடையில்லாம மாறலாம்னு விதியையே மாத்தினாங்க. அப்போ சண்டை ரெண்டாவது தடவை மாறுறவங்க பக்கம் நகர்ந்தது. 2023 ஜனவரியில அவங்களுக்கான விலக்கை இறுக்கினாங்க.

டெஸ் வாக்கர் அதுல மாட்டினார். அவர் முதல்ல சேர்ந்த கல்லூரியில கொரோனாவால 2020 சீசனே நடக்கலை. அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடலை. ஆனாலும் அது ஒரு கல்லூரின்னு கணக்கு. அடுத்து கென்ட் ஸ்டேட். அப்புறம் வீட்டுக்குக் கிட்ட நார்த் கரோலினா. ரெண்டு தடவை மாறிட்டேன்னு மறுத்தாங்க. ஊரே கொதிச்சது. 2023 அக்டோபர் 5-ம் தேதி என்.சி.ஏ.ஏ. தன் முடிவை மாத்திக்கிச்சு. அதுக்குள்ள நாலு ஆட்டம் போயிடுச்சு.

ரேக்வான் பேட்டில், துலாலிப் பூர்வகுடி ஒதுக்கிடத்துல வளர்ந்த கூடைப்பந்து வீரர். மூணாவது கல்லூரியா வெஸ்ட் வர்ஜீனியா வந்தார். மனநலக் காரணம் சொல்லி விலக்கு கேட்டார், மறுப்பு. 2023 டிசம்பர்ல 7 மாநில அரசுகள் சேர்ந்து, இது போட்டியை முடக்குற ஏகபோகம்னு என்.சி.ஏ.ஏ. மேல வழக்குப் போட்டாங்க. டிசம்பர் 13-ல வெஸ்ட் வர்ஜீனியா ஃபெடரல் நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி இடைக்காலத் தடை கொடுத்தார். பேட்டில் அந்த மாசமே களத்துல இறங்கினார். 2024 ஏப்ரல்ல படிப்பு சரியா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் மாறி உடனே ஆடலாம்னு விதி வந்தது. மே மாசக் கடைசியில வழக்கும் சமரசமா முடிஞ்சது. யோஸ்ட் படிச்ச அதே வெஸ்ட் வர்ஜீனியாவுல 127 வருஷம் கழிச்சு பூட்டு உடைஞ்சதுங்கிறது வரலாற்றோட குசும்பு.

ஆனா இதையும் முழு வெற்றின்னு நான் சொல்ல மாட்டேன். கென்ட் ஸ்டேட் மாதிரி சின்னக் காலேஜ் ஒரு பையனைக் கண்டுபிடிச்சு வளர்க்கும், பெரிய காலேஜ் வந்து அள்ளிக்கிட்டுப் போகும். விதி போட்டவங்க பயந்தது இதுக்குத்தான், அந்தப் பயம் பொய் இல்லை. விலக்கை ஒழுங்கா நடத்தத் தெரியாததால விதியே போச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்த வரலாற்றோட பாடம் இதுதான்.

நமக்கு என்ன?

ஒழுங்கா நடத்துறதுன்னா பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. யாருக்கு விலக்கு உண்டுன்னு போட்டிக்கு முன்னாடியே எழுதி வெக்கணும். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்துல சொல்லணும். மேல்முறையீட்டை சீசன் முடியுறதுக்குள்ள கேட்கணும். தேஜஸ்வினுக்கு ஹைகோர்ட் போகிற தெம்பு இருந்தது. அம்மா அப்பா ரெண்டு பேருமே வழக்கறிஞர்கள். அப்பா அவர் பள்ளியில படிக்கும்போதே இறந்துட்டார்.

எங்க ஊருக்குப் பக்கத்துல கமுதி வட்டாரத்துக் கிராமத்துல இருந்து வந்தவர் நாகநாதன் பாண்டி. ஆயுதப்படைக் காவலரா இருந்துக்கிட்டே டோக்கியோ ஒலிம்பிக் 4x400 தொடர் ஓட்டக் குழுவுக்குப் போனவர். வானம் பார்த்த பூமியில இருந்து கிளம்புற இந்த மாதிரிப் பையன்கிட்ட, "விலக்கு வேணும்னா நீ ஏன் கேட்கலை?"ன்னு சொன்னா அவன் யார்கிட்ட கேப்பான்? எந்தப் படிவம், எந்த முகவரி? டெல்லியில வக்கீல் வெக்க அவன் எந்த நிலத்தை விக்கிறது?

இன்னொரு பக்கமும் இருக்கு. பட்டியல்ல பேர் பார்த்து சந்தோஷப்பட்ட ஆரோக்கிய ராஜீவ், 2014 ஆசியப் போட்டியில 400 மீட்டர் வெண்கலம் வாங்கினவர். தேர்வு செய்யும்போதே முடிக்க வேண்டிய கணக்கை கோர்ட் சொன்ன பிறகு போட்டதால, வெட்டு அவர் பேர் மேல விழுந்தது. தெளிவில்லாத விலக்கோட செலவை எப்பவும் அறைக்குள்ள இல்லாத ஒருத்தன்தான் கட்டுறான்.

2025 ஆகஸ்ட்ல தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருக்கு. விளையாட்டுத் தகராறுகளுக்குன்னு தனித் தீர்ப்பாயம் அதுல உண்டு. நல்ல விஷயம். ஆனா தீர்ப்பாயம் தகராறு வந்த பிறகு போற இடம். தகராறு வராம இருக்க வேண்டியது சம்மேளனத்தோட சுற்றறிக்கையில, அந்தப் பொடி எழுத்துல. கமிட்டியாரின் முடிவு இறுதியானதாவே இருக்கட்டும்யா. அதுக்கு முன்னாடி காரணத்தை ஒரு வரி எழுதிட்டுப் போங்க, அவ்வளவுதான் கேக்குறோம்.

பி.கு: தேஜஸ்வின் அப்புறம் டெகாத்லான் பக்கம் போயிட்டார். ஹாங்ஜோ ஆசியப் போட்டியில, 2023 அக்டோபர்ல, 7,666 புள்ளியோட வெள்ளி, தேசிய சாதனை. ரெண்டு நாள்ல பத்து விளையாட்டு. ஜூன் 2022-ல அலைஞ்ச அலைச்சலுக்கு இது எவ்வளவோ தேவலைன்னு நினைச்சிருப்பார் போல :-)

உங்க ஊர்ல, உங்க காலேஜ்ல விலக்கு கிடைச்சு ஆடினவங்க, கிடைக்காம உட்கார்ந்தவங்க கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.